ரெண்டும் நம்ம வீட்டுக் குடம்

அண்ணாச்சி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா? இல்ல, சும்மாதான் கேக்கேன். ஆத்துக்குக் குளிக்க வந்தவர்ட்ட கேக்கக்கூடிய கேள்விதான. கொஞ்சம் தெரியுமா? கொஞ்சம்னா எம்புட்டு? கெணத்துல பழகுனதா? சரி, அதுவும் தண்ணிதான். இப்படி இந்தப் படியில உக்காருங்க. சோப்பு இப்பப் போடாதிய. ஒரு கால்மணி நேரம் கழிச்சுக் குளிச்சா தாமிரபரணி எங்கயும் போயிராது.

அன்னா, அந்த வட்டப்பாறைக்கு இங்கிட்டு ஒரு தலை தெரியுதா? கொண்டை போட்டு, பச்சைத் துணியால இறுக்கிக் கட்டியிருக்கு பாருங்க. அது எங்க வீட்டம்மா. பேரு செண்பகவடிவு, நான் வடிவும்பேன். அம்பத்தி நாலு வயசு. அக்கரைக்குப் போறா. பாலம் இருக்கு, இல்லங்கல. மேற்க சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டர், நடந்தா அரைமணி நேரம். ஆனா அவளுக்கு நீந்தித்தான் போகணும். மாத்துச் சேலை இந்தா என் மடியில இந்தப் பையில இருக்கு. அவ போய்ச் சேந்ததும் நான் இதத் தூக்கிக்கிட்டுப் பாலம் வழியா சுத்திப் போகணும். அது எனக்கு இட்ட உத்தரவு.

அந்தக் கரையில நாலஞ்சு பொம்பளைங்க துவைச்சுக்கிட்டு இருக்காளுவல்லா, அதுல ஓரத்துல உக்காந்திருக்கவ முப்பிடாதி. இட்லிக் கடை வச்சிருக்கா. அவதான் வடிவுக்கு நீச்சல் வாத்தியார். அவளும் கூட நீந்தி வந்தா நான் உங்களப் பிடிச்சு உக்கார வச்சிருக்க மாட்டேன். வடிவு வேண்டாம்னுட்டா. யாரும் தொடக்கூடாது, யாரும் கூட வரக்கூடாது, நீ அக்கரையில நில்லுன்னு சொல்லிட்டா. எனக்கு மட்டும் இந்தப் படி.

கண்ண எடுக்காம பேசுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. என் பேரு ஆனையப்பன். பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருசம் இருந்து, போன வருசம் சித்திரையில வெளிய வந்தேன். கேள்விப்பட்டிருப்பிய. இல்லியா? பட்டிமன்றத்துல பேசுதேன். குடத்துக் கதை ஆனையப்பன்னு செல்போன்ல தட்டினா வரும். வெளியூர்க்காரருன்னா தெரியாதுதான்.

எல்லாம் எங்க பையனால வந்தது. அவன் ஓசூர்ல இருக்கான். நான் ரிட்டயர் ஆன மறுவாரம் போன் போட்டு, அப்பா, சும்மா இருந்தா உடம்புக்கு ஆகாது, நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு நோட்டு எடுத்து, வாழ்க்கையில செய்யணும்னு நெனச்சு செய்யாம விட்டது அஞ்சு எழுதுங்கன்னான். நான் உக்காந்த எடத்துல எழுதிட்டேன். கீபோர்டு வாசிக்கது, காளான் வளக்கது, யோகா, இந்தி படிக்கது, அஞ்சாவது பட்டிமன்ற மேடையில பேசுதது. அது எனக்குப் பள்ளிக்கூடத்துல இருந்தே உள்ள ஆசை. வடிவு அவ நோட்டுல ஒரே ஒரு வரி எழுதியிருந்தா. ஆத்த நீந்தி அக்கரைக்குப் போகணும். ஏட்டி, அஞ்சு எழுதச் சொன்னா ஒண்ணுதான் எழுதியிருக்கன்னு கேட்டேன். இது முடியட்டும், பெறவு பாப்போம்னா.

அவளுக்கு இந்த ஊருதான் பொறந்த ஊரு. நான்தான் கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து பொண்ணெடுத்து இங்கயே தங்கிட்டவன். அவளுக்கு நாலு அண்ணன்மாரு. நாலு பேரும் தெனமும் அக்கரைக்கு நீந்திப் போய் நாவப்பழம் பறிச்சுத் தின்னுட்டு வருவானுவளாம். இவளுக்கு இடுப்பளவு தண்ணிக்கு மேல போகக்கூடாது. அவனுவ சட்டைய எல்லாம் பிடிச்சுக்கிட்டு இதே படியில நிப்பாளாம். சின்னப்பிள்ளைக்குள்ள கதை, அத மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க.

பாறையத் தாண்டிட்டா. தாண்டிட்டால்லா? ஆமா, பச்சைத் துணி அந்தப் பக்கம் தெரியுது. இனிதான் கசம். நடு ஆத்துல ஆழமா கெடக்கும்லா, அத நாங்க கசம்னு சொல்லுவோம். மேல பாத்தா அசையாம கெடக்கும், அடியில இழுப்பு இருக்கும். அத இவ நேரா போய்த் தாண்டணும். எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். நீங்களும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.

என் விசயத்துக்கு வாரேன். கீபோர்டு வாங்கினேன், ரெண்டு மாசம் வாசிச்சேன். நான் தப்பாத் தட்டுனா அடுக்களையில இருந்து அவ சரியான சுரத்தப் பாடிக் காட்டுவா. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், விட்டுட்டேன். காளான் வளத்தேன். வித்துக் குடுக்க ஆள் இல்ல, மூணு வாரம் அவதான் காளானாத் தின்னு தீத்தா. யோகாவுல இடுப்பு பிடிச்சு, பதினஞ்சு நாள் தைலம் தேச்சு விட்டா. இந்திய விடுங்க. கடைசியில மேடைதான் நமக்குன்னு ஆயிட்டு.

அந்த ஆவணியில புலவர் ஆவுடைநாயகம் ஐயா குழுவுல சேந்தேன். நடுவர்னா அவருதான் நடுவர், தென்காசியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும் அவருக்குக் கூட்டம் உண்டு. முதல்ல ரெண்டு மேடையில எனக்குக் கைதட்டு விழல. வீட்ல வடிவ உக்கார வச்சு முழுப் பேச்சையும் பேசிக் காட்டுவேன். அவ கையில அகப்பையோட உக்காந்து கேப்பா. இங்க நீளமா இருக்கு, இத வெட்டுங்கம்பா. நீங்க அவசரப்படுதிய, கூட்டம் சிரிச்சு முடிக்கது வரைக்கும் வாயத் தொறக்காதியம்பா. அது சரிதான். அந்த நிறுத்தம் அவ சொன்னதுதான். இருந்தாலும் நிறுத்திப் பேசத் தைரியம் வேணும்லா, அது என்னது.

அதே சமயத்துல அவ ஆத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டா. காலையில அஞ்சரைக்கு முப்பிடாதி கூட. ஒரு பிளாஸ்டிக் குடத்தக் கவுத்துப் பிடிச்சு, அது மேல நெஞ்சக் குடுத்து, கால அடிச்சுப் பழகுதா. நம்ம பக்கம் பொம்பளைங்க அப்படித்தான் பழகுவாங்க, குடத்துக்குள்ள காத்து இருக்கும், ஆள முங்க விடாது. வடிவு ஆள் கொஞ்சம் தாராளம், பாத்துக்கிடுங்க. நான் ஒருநா இங்க வந்து நின்னு பாத்தேன். அப்பம் மனசுல ஒரு வரி வந்துது. சாமி வந்த மாதிரி வந்துது அண்ணாச்சி. அத மட்டும் அவட்ட பேசிக் காட்டல. குளிப்பறையில கொழாயத் தொறந்து விட்டுட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

புரட்டாசியில எங்க ஊர்லயே மேடை. பணி ஓய்வுக்குப் பின் பெரிதும் மகிழ்வது கணவனா மனைவியான்னு தலைப்பு. நான் மனைவியேங்கிற அணி. வடிவு அதுவரைக்கும் எந்த மேடைக்கும் வந்ததில்ல. அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டி, முப்பிடாதியையும் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்காந்துட்டா. எம் முறை வந்துது. நடுவர் அவர்களே, என் மனைவிக்கு ஓய்வுக்குப் பின்னால நீச்சல் ஆசை வந்துட்டுன்னு ஆரம்பிச்சேன். நானே மீன் மாதிரி நீந்துவேன், எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன், அவ குடத்த நம்பிப் போயிட்டான்னேன். ஒருநா போய்ப் பாத்தேன், நடு ஆத்துல ரெண்டு குடம் மெதந்து வருது. நிறுத்துனேன். கிட்டக்கப் போய்ப் பாத்தா, நடுவர் அவர்களே, ரெண்டும் நம்ம வீட்டுக் குடம்தான்னேன்.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ஒரு நிமிசம், முழுசா ஒரு நிமிசம் சிரிச்சுது. ஆவுடைநாயகம் ஐயா கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாரு. அறுவது வருசமா நான் காத்துக் கெடந்தது அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் அண்ணாச்சி. அவளும் சிரிப்பான்னு முன்வரிசையப் பாத்தேன். அவ மடியில இருந்த கையப் பாத்துக்கிட்டு இருந்தா. வெளிச்சம் கண்ணுல அடிக்கும்லா, நமக்குச் சரியாத் தெரியல.

எவனோ அத செல்போன்ல பிடிச்சு ஊரெல்லாம் விட்டுட்டான். பெறவு எங்க போனாலும் எனக்கு அதுதான் பேரு. பால்காரன்ட்ட வடிவு ரெண்டு பாத்திரம் நீட்டுனா, ரெண்டும் உங்க வீட்டுதுதானம்மான்னு கேட்டிருக்கான். ரேசன் கடையில கேட்டிருக்கானுவ. அது புகழ்தான? ஒரு வீட்டுக்குப் புகழ் வந்தா ரெண்டு பேருக்கும்தான பங்கு. மேடையில பொண்டாட்டியப் பத்திப் பேசாம யாரப் பத்திப் பேச முடியும்? எல்லாவனும் அதத்தான் பேசுதான், அவனவன் பொண்டாட்டி முன்னால உக்காந்து சிரிக்கத்தான் செய்யுதா. இவளுக்கு மட்டும் என்ன வந்துது, சொல்லுங்க.

அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. சண்டை கெடையாது. சாப்பாடு எடுத்து வச்சாச்சு, கரண்டு பில்லு வந்திருக்கு, அவ்வளவுதான். பேசிக் காட்டுதேன் கேளும்பேன், வேல கெடக்குன்னுட்டுப் போயிருவா. நாலு மாசம். முத நாளே நீச்சல விட்டுருவான்னுதான் நெனச்சேன். விடல. மறுநாளும் அஞ்சரைக்குக் கெளம்பினா. வாசல்ல குடம் இருந்துது. அத எடுக்காமப் போனா. அந்தக் குடம் இன்னும் அங்கனயே கெடக்கு, அதுல மழைத்தண்ணி நெறைஞ்சு பாசி பிடிச்சுப் போச்சு. யோசிச்சுப் பாத்தா, நான் அந்த வரியச் சொல்லலன்னா அவ இன்னும் குடத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. ஒரு விதத்துல நான்தான் நீச்சல் பழக்கி விட்டதுன்னு சொல்லணும். இத அவட்ட சொன்னேன். அவ ஈரச் சேலையக் கொடியில விரிச்சா.

நேத்து சாயங்காலம் தானா வந்து எதுத்தாப்புல உக்காந்தா. நாளைக்கு அக்கரைக்குப் போறேன், நீங்க படியில வந்து இருங்கன்னா. எதுக்குன்னேன். போய்ச் சேந்துட்டேன்னா ஞாயித்துக்கிழமை மேடையில குடத்துக் கதையச் சொல்லக்கூடாது, இனி எந்த மேடையிலயும் சொல்லக்கூடாதுன்னா. சேரலன்னா? சேரலன்னா என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க, கேக்க நான் இருக்க மாட்டேம்லா அப்படின்னுட்டு எந்திரிச்சு மாவாட்டப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, இது ஒரு பந்தயமா? ஞாயித்துக்கிழமை கடையம் பக்கத்துல கோயில் கொடைத் திருவிழா, நோட்டீசு அடிச்சாச்சு. என் பேருக்குக் கீழ அடைப்புக்குறி போட்டு குடத்துக் கதை புகழ்னு போட்டிருக்கு. ஆவுடைநாயகம் ஐயா சொல்லிட்டாரு, வே, அந்தக் கதை இல்லன்னா நீரு மேடைக்கு வரவே வேண்டாம், கூட்டம் அதுக்குத்தான் வருதுன்னு. எங்கிட்ட இருக்கது அந்த ஒரு கதைதான் அண்ணாச்சி. வேற எது சொன்னாலும் ஜனம் கொட்டாவி விடுது. அவளுக்கு ஆறு, எனக்கு மேடை. ரெண்டுல ஒண்ணுன்னு வச்சுட்டா. காலையில படியிறங்கும்போது எம் மனசு என்ன நெனச்சுதுன்னு உங்கட்ட சொல்லுததுக்கு என்ன, பாதியில மூச்சு முட்டித் திரும்பி வந்துருவா, நல்லபடியா வந்துருவா, கதையும் நிக்கும்னுதான் நெனச்சேன். திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டது தப்பா? உசுரோட திரும்பணும்னுதான வேண்டினேன்.

எங்க போயிட்டா?

அண்ணாச்சி, தலை தெரியல. இவ்வளவு நேரமும் தெரிஞ்சுதுலா. பாறைக்கு அந்தப் பக்கம், கசத்துக்கு நடுவுல. நீங்க பாருங்க, உங்களுக்குத் தெரியுதா? பச்சைத் துணி. முப்பிடாதி எந்திரிச்சு நிக்கா பாருங்க, துவைக்கத விட்டுட்டு எல்லாவளும் எந்திரிச்சுட்டாளுவ. வடிவு, ஏட்டி வடிவு, திரும்பிரு. குடமும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம், திரும்பிரு.

நானா? நான் எறங்கத்தான் செஞ்சிருக்கேன், முட்டளவு வந்துட்டேன்லா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. அண்ணாச்சி, எனக்கு நீச்சல் தெரியாது. எங்க ஊர்ல ஏது தண்ணி? முப்பத்தொரு வருசமா இந்தப் படியில உக்காந்து செம்புல மோந்து ஊத்தித்தான் குளிக்கேன். கலியாணமான புதுசுல அவ அண்ணன்மாரு முன்னால மானம் போயிரும்னு நீச்சல் தெரியும்னு சொல்லிட்டேன். அது பொய்னு அவளுக்கு மட்டும் தெரியும். இன்னைக்கு வரைக்கும் அவ ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீங்க போங்க. சட்டையக் கழட்டுங்க, கெணத்துல பழகுனது போதும், போங்க அண்ணாச்சி.

என்ன, இருங்கங்கிய? எங்க? எங்க காட்டுதிய?

மல்லாக்கவா? மல்லாக்கக் கெடக்காளா? உசுரு இருக்கா? கை அசையுதா? அசையுது, ஆமா, எனக்கும் தெரியுது. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வானத்தப் பாத்துக் கெடக்கா. மூச்சு வாங்குதா. நடுக் கசத்துல, கட்டில்ல கெடக்கத போல கெடக்கா. அவ எங்க படிச்சா இத? முப்பிடாதி உக்காந்துட்டா பாருங்க. அப்பம் இது தெரிஞ்சுதான் செய்யுதாளுவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. பையெல்லாம் நனைஞ்சு போச்சு. சேலை ஓரம் நனைஞ்சுட்டு, அதுக்கும் அவட்ட ஒரு மொறப்பு இருக்கு.

புரண்டுட்டா. நீந்துதா. இனி இழுப்பு இல்ல, அங்க மணல்மேடு வந்துரும். சேந்துருவா. சேந்துட்டா அண்ணாச்சி. நிக்கா பாருங்க, தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. நடந்து ஏறுதா. நீங்க சட்டையப் போட்டுக்கிடுங்க. சிரமம் குடுத்துட்டேன்.

சரி. குடத்துக் கதை போச்சு. வாக்குன்னா வாக்குதான், நான் மீறுதவன் இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். குடத்துக் கதையத்தான் சொல்லக்கூடாதுன்னா. இன்னைக்கு நடந்ததச் சொல்லக்கூடாதுன்னு சொல்லலியே. நடு ஆத்துல ஒரு பொம்பள மல்லாக்கப் படுத்திருக்கா, புருசன் கரையில நின்னு, ஏட்டி, தலகாணி வேணுமான்னு கேக்கான். எப்படி இருக்கு? சிரிப்பு வரலியா. இப்பம் வராது, நிறுத்திச் சொன்னா வரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிரலாம்.

அங்க என்ன, எல்லாவளும் படியில வட்டமா உக்காருதாளுவ? முப்பிடாதி தலையத் துவட்டி விடுதா, வடிவு மட்டும் நிக்கா. என்னமோ பேசுதா. நாலு மாசமா எங்கிட்ட வாயத் தொறக்காதவ கைய ஆட்டி ஆட்டிப் பேசுதா பாருங்க. அது என்ன கை? குனிஞ்சு மோந்து, தலையில ஊத்துதா. மூக்கப் பிடிச்சுக்கிட்டு, மறுபடியும் குனிஞ்சு மோக்கா. கையில செம்பு இல்ல, செம்பு இருக்க மாதிரி.

சிரிக்காளுவ. சத்தம் இப்பத்தான் இங்க வருது. ஒருத்தி படியில சாய்ஞ்சே போயிட்டா. வடிவு பேசாம நிக்கா. அவளுவ சிரிச்சு முடிக்கட்டும்னு நிக்கா. முடிச்சதும் அடுத்ததச் சொல்லுதா, மறுபடியும் நிறுத்துதா.

எல்லாவளும் இங்கிட்டுத் திரும்பிப் பாக்காளுவ. அண்ணாச்சி, உங்களுக்குக் காது நல்லாக் கேக்குமா? இல்ல, சும்மாதான் கேக்கேன். இந்தச் சேலையத் தூக்கிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் சுத்தி நான் அங்க போகணும். அவ என்ன சொல்லுதான்னு தெரிஞ்சுட்டுப் போனா நல்லா இருக்கும்.